கரியர் இல்லாத சைக்கிள்

என் கணவர் சிவகரனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், பாரம் பார்க்காத மனிதர் என்று முன்பெல்லாம் சொல்லியிருப்பேன். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், நான் என்று எதையும் தன் பழைய லுமாலா சைக்கிளின் கரியரில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர். நாங்கள் அரியாலைக்காரர். கலியாணமானதிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் நல்லூருக்கு அந்தக் கரியரில்தான் போய்வருகிறேன். வேலை முடிந்து கந்தோர் விட்டு வந்தால் அவருக்கு போன்தான் உலகம். சைக்கிளில் மட்டும் வாய் ஓயாமல் என்னோடு கதைப்பார். மோட்டார் சைக்கிள் வாங்கும் யோசனையை நான் தடுத்ததும் அதனால்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் ஒரு பித்துப் பிடித்தது. சுவிஸில் இருக்கும் அவருடைய தம்பி காபன் சைக்கிள் பிறேம் ஒன்று அனுப்பினான். சைக்கிள் கடை றெஜி அதற்குச் சில்லும் செயினும் பூட்டிக் கொடுத்தான். கறுப்பாக, ஒற்றைக் கையால் தூக்கலாம் போல இருந்தது. பெல் இல்லை, மட்காட் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, கரியரும் இல்லை.

"கரியிலையோ செய்தது? மழைக்குக் கரையாதோ?" என்று பக்கத்து வீட்டு உதயகலா கேட்டாள்.

புது வாகனமாயிற்றே என்று நான் சந்தனப் பொட்டு வைத்தேன். அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

"பாரம் கூடுமப்பா."

சந்தனப் பொட்டே பாரமென்றால் என் கதி என்ன?

விடியற்காலையில் அதில் நாவற்குழிப் பாலம் வரை ஓடிவிட்டு வந்து எனக்கு விரிவுரை நடத்துவார். றோட்டின் நடுக்கம் கைக்கு வருவதே இல்லையாம். மிதித்த மிதி சிந்தாமல் சில்லுக்குப் போகிறதாம். எதிர்காற்று என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாராம். நான் தோசையைப் புரட்டியபடி ம் கொட்டினேன். வியாழக்கிழமை, பழைய லுமாலாவை றெஜிக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை வந்து எடுப்பானாம்.

"அப்ப நான் கோயிலுக்கு எதிலை வாறது?"

"ஓட்டோ இருக்குத்தானே."

ஓட்டோவில் நான் போவேன், அவர் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். யாரோடு கதைப்பது? கோபத்தைவிடக் கவலைதான் எனக்கு அதிகம்.

வெள்ளிக்கிழமை, கடைசித் தடவையாக லுமாலாவில் போவதென்று ஏற்பாடு. வேட்டி கட்டிச் சேட்டும் போட்டுக்கொண்டு வந்தவர், ஒரு வாரப் பழக்கத்தில் புதியதை உருட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கவனிக்கவில்லை. கேற்றைப் பூட்டியபடி அவரைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தேன். எங்கள் ஊரில் நிற்கிற சைக்கிளில் யாரும் ஏறுவதில்லை. முன்னால் இருப்பவர் மிதித்துப் புறப்பட வேண்டும், பின்னால் வருபவர் ஓடிப்போய்க் கரியரில் துள்ளி ஏற வேண்டும். "ஏறும்" என்று அவர் மிதித்தார். நானும் அருச்சனைத் தட்டை அணைத்துக்கொண்டு, திட்டுவதை நிறுத்தாமல், ஓடிப்போய் ஒரு துள்ளல் துள்ளினேன்.

கரியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நான் வாசல் ஒழுங்கை மணலில் இருந்தேன். தேங்காய் உருண்டு மதகுப் பக்கம் போனது.

அவர் போய்க்கொண்டிருந்தார், கதைத்துக்கொண்டே.

"பாத்தீரே, ஏறேக்கை ஒரு குலுக்கமும் இல்லை! நீர் இருக்கிறதே தெரியேல்லை!"

அந்தக் குரல் முடக்கில் திரும்பி மறைந்தது.

உதயகலா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு வாசற்படியில் குந்தியிருந்து அழுதேன். விழுந்த நோவுக்கு அல்ல. நான் இல்லாததும் இந்த மனிதருக்கு ஒரு சுகமாகப் போய்விட்டதே என்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். வேட்டியில் செயின் எண்ணெய், முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கை விழுந்தனீர்? அடிபட்டதோ?"

"இஞ்சைதான், வாசல்லை. நீங்கள் எங்கை போய்க் கண்டுபிடிச்சனீங்கள்?"

"ரயில் கடவையிலை" என்றார். "தண்டவாளம் ஏறேக்கை நீர் எப்பவும் பின்னாலை என்ரை சேட்டை இறுக்கிப் பிடிப்பீர். இண்டைக்கு ஒருத்தரும் பிடிக்கேல்லை."

நான் அப்படிப் பிடிப்பது எனக்கே தெரியாது. இத்தனை வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காபனை மதிலில் சாய்த்துவிட்டு அவர் றெஜிக்கு போன் எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வரவேண்டாம். அது என்ரை மனுசியின்ரை சைக்கிள்."

பிறகு லுமாலாவை எடுத்துவந்து, கரியரைத் தன் சால்வையால் துடைத்தார். "ஏறும்" என்றார். நான் கரியரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துள்ளினேன். சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. காபனின் பெருமையை அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், நானும் ம் கொட்டினேன். கடவை இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. நான் அவருடைய சேட்டைப் பிடித்துக்கொண்டேன்.