பரு விளக்கும் சுவர்க் கடிகாரமும்

போன ஞாயிறு மத்தியானம் மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

நான். என் மனைவி மாரியாயி. மலையிலேயே இன்னொரு ஊரான திரிங்காப்பிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் லெட்சுமி. பக்கத்து வீட்டுச் சாந்தி. அவளுக்குப் பதினெட்டு வயது, கன்னம் நிறையப் பரு.

நாலு பேர். சாந்தியின் கையில் ஒரு நோட்டீஸ்.

தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் யாரோ கொடுத்தார்களாம். வழவழப்பான தாள். ஒரு பெண்ணின் முகம். பாதி முகத்தில் பரு, பாதி முகம் துடைத்து வைத்த மாதிரி. மேலே பெரிய எழுத்தில் லேசர். கீழே ஈப்போவில் ஒரு கடையின் முகவரி.

"மாமா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நீங்கதானே பேப்பர்ல எழுதுற ஆளு."

படித்தேன். வலி இல்லை. தழும்பு இல்லை. சில நிமிடங்களே போதும்.

சில நிமிடங்கள்... எத்தனை? அது அந்தத் தாளில் இல்லை.

கடையின் பெயர் புதிது. முகவரி எனக்குத் தெரிந்தது. அதே தெரு, அதே மாடி.

தாளை மடித்தேன். கோபம் வந்தது.

இந்த மூலையில் வாரா வாரம் நான் என்ன எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். லோரி சேற்றில் மாட்டியது, துரையின் நாய் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைத் துரத்தியது... படித்துச் சிரித்தோம் என்று கடிதம் போடுவீர்கள். இந்த வாரம் சிரிப்பு இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. லெட்சுமி பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சை, பாரம் ஐந்து பாஸ் செய்தாள். எங்கள் லயத்து வீடுகளில் அதுவரை யாரும் அந்தப் படி ஏறவில்லை. தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். முன் கவுன்டர். சாவி கொடுப்பது, டெலிபோன் எடுப்பது. முதுகில் கூடை ஏறாத வேலை.

போய் நின்றாள். நானும் கூடப் போனேன். சூப்பர்வைசர் நம்ம ஆள்தான். சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுற. ஆனா இந்த மூஞ்சியோட கவுன்டர்ல நிக்க முடியாதும்மா. வெள்ளக்காரன் வந்து நிப்பான். ரெண்டு மாசம் டைம் தரேன். சரி பண்ணிட்டு வா."

பத்தொன்பது வயதில் பரு வராமல் பிறகு எப்போது வரும்? சாவி வாங்க வருகிறவன் சாவியைப் பார்ப்பானா, கன்னத்தைப் பார்ப்பானா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாரியாயி வேப்பிலை அரைத்துப் போட்டாள். தோட்டத்து டிரெஸ்ஸர் — எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் — ஒரு ரோஸ் கலர் மருந்து கொடுத்தார். "வயசு போனா தானாப் போயிடும், விடுங்க" என்றார்.

வயது போகும்வரை ஹோட்டல்காரன் காத்திருப்பானா?

அப்போதுதான் ஈப்போ கடையைப் பற்றி யாரோ சொன்னார்கள். பரு போக வெளிச்சம் வைக்கிறார்களாம்.

போனோம். அங்கே ஒரு மேடம். தமிழ்ப் பெண்தான். வெள்ளைக் கோட்டு. தன்னை டாக்டர் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கதவு வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு விளக்கு. போட்டால் ஊதா வெளிச்சம்.

"மலையில எப்பப் பாத்தாலும் மூட்டம். வெயில் பத்தாது. அதான் பரு. இந்த லைட்ல வெயில்ல இருக்கிற நல்லது மட்டும் வரும். கெட்டது வராது."

தலையாட்டினேன். வெயிலை நல்லது தனியாகக் கெட்டது தனியாகச் சலித்து எடுக்க அது என்ன தேயிலைத் தூளா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரியாயி கேட்டாள்: "பொழுதுக்கும் கொழுந்து எடுத்து மண்ட காயுது. எனக்கு மட்டும் எங்கேருந்து வருது இம்புட்டு வெயிலு?"

லெட்சுமி சிரித்தாள். "உனக்கு வர்றது கெட்ட வெயிலும்மா."

முதல் வாரம் ஒரு நிமிடம். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாம் வாரம் மூன்று. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தலைமுடி மறைய ஒரு துவாலை. சாவி கொடுக்கிற சின்னக் கடிகாரம் ஒன்று, நேரம் முடிந்தால் மணி அடிக்கும். மேடம் வந்து விளக்கை அணைப்பார்.

பொய் சொல்லக் கூடாது. பரு காய்ந்தது. தோல் மெல்லிசாக உரிந்து முகம் தெளிய ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் மலையடித் தாப்பாவிலிருந்து மேலே ரிங்லெட் வரைக்கும் அவள் பஸ் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் அதே கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலாம் வாரம் மழை. மாரியாயி வேலைக்குப் போய்விட்டாள். நானும் லெட்சுமியும் மட்டும்தான். நனைந்துகொண்டே மாடி ஏறினோம்.

கடையில் இன்னொரு ஆள் — தன் முறைக்குக் காத்திருந்த ஒரு மலாய் டீச்சர். பெஞ்சில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

மேடம் லெட்சுமியை உள்ளே படுக்க வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். "மணி ரிப்பேர். பரவால்ல, நானே பாத்துக்கிறேன். இன்னிக்கு நாலு நிமிஷம்."

முன் பக்கம் டெலிபோன் அடித்தது. அவர் போனார்.

எனக்கு எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர். கொழுந்து அரைபட்டு வந்து ஒரு பக்கம் போகும், காய்ந்து மறுபக்கம் வரும். அதற்கு ஒரு நேரம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் சம்பளம். கொஞ்சம் விட்டால் தீய்ந்த வாடை வரும், மொத்தமும் குப்பை. நிமிடம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நாலு நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. முன் பக்கம் மேடம் டெலிபோனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏன் கதவைத் தட்டவில்லை?

சொல்கிறேன். மழை நாளில் கொழுந்து ஈரமாக வரும். ஈரக் கொழுந்துக்கு ட்ரையரில் நேரம் கூட வைப்போம். அன்று மழை. பிள்ளை நனைந்து வந்திருந்தாள். அதனால் இன்றைக்குக் கூட வைக்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

ஆமாம். என் மகளின் முகத்தை ஈரக் கொழுந்து என்று நினைத்தேன்.

மூக்கையும் நம்பினேன். தீய்ந்த வாடை ஏதும் வரவில்லை. இடி விழுந்த பிறகு காற்றில் ஒரு வாடை வருமே, அது மட்டும் கதவிடுக்கில் வந்தது.

எட்டு நிமிடம். அதற்கு மேல் என்னை நானே ஏமாற்ற முடியவில்லை. எழுந்தேன். கதவருகே போனேன். கையைத் தூக்கினேன்.

இறக்கிவிட்டேன்.

தோட்டத்து ஆபீசுக்குப் போனால் நாங்கள் படிக்குக் கீழே நிற்போம். கிராணி நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டால்தான் ஏறுவோம். கூப்பிடாமல் படியில் கால் வைத்தவன் எங்கள் தோட்டத்தில் கிடையாது. லெட்சுமி பிறக்கிற அன்று மாரியாயிக்கு வலி எடுத்து லோரி கேட்கப் போனேன். அன்றும் அவர் நிமிரும்வரை படிக்குக் கீழேதான் நின்றேன்.

இது வெள்ளைக் கோட்டு போட்டவர் சாத்திய கதவு. நின்றேன். கையை முன்னால் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மலாய் டீச்சர்தான் கடைசியில் எழுந்தார். "பாக்சிக், லாமா சங்காட் நி." ரொம்ப நேரம் ஆகிவிட்டதே, பெரியவரே என்றார். நான் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்மேல்தான் இருக்கிறது. என்னை விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். விளக்கை இழுத்துத் திருப்பினார்.

லெட்சுமி படுத்தது படுத்தபடியே இருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டபடியே கேட்டாள்:

"நாலு நிமிஷம் ஆயிடுச்சா?"

சுட்டதாம். தாங்கிக்கொள்ள வேண்டும் போல என்று நினைத்தாளாம். கூப்பிடாமல் எழுந்திருக்கலாமா என்று தெரியவில்லையாம். அவளும் படிக்குக் கீழே நிற்கிற தோட்டத்துப் பிள்ளைதானே?

மேடம் ஓடி வந்தார். "ஒண்ணும் இல்ல லா. கொஞ்சம் செவக்கும், அவ்வளவுதான்." ஒரு டப்பா க்ரீமை என் கையில் திணித்தார்.

தாப்பாவில் முகம் சிவந்தது. ரிங்லெட்டில் வீங்கியது. மறுநாள் காலையில் கண் இரண்டும் கோடாகிவிட்டன. கன்னத்தில் கொப்புளம்.

டிரெஸ்ஸர் மருந்து தடவிக்கொண்டே கேட்டார். "எத்தன நிமிஷம் வச்சாங்க?"

"பாக்கலீங்க."

ட்ரையர்காரன் நேரம் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நான் மட்டும் ஈப்போ போனேன். மேடம் உட்காரச் சொல்லவில்லை.

"ஆறு நிமிஷம்தான். மேல ஒரு நிமிஷம் கிடையாது. உங்க மகளுக்கு மலைத் தோல். அதான் தாங்கல."

மலைத் தோல். மாட்டுத் தோல் என்பது போலச் சொன்னார்.

"ஆறு இல்லீங்க மேடம்."

"அப்ப எத்தன? நீங்க பாத்தீங்களா?"

அவர் தலைக்கு மேலேதான் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? பார்த்துக்கொண்டு ஏன்யா நின்றாய்?

"இல்லீங்க" என்றேன்.

படி இறங்கி வந்தேன். அவர் சொன்னது பொய். நான் சொன்னது அதற்கு முட்டுக் கொடுத்த பொய்.

இரண்டு மாதம் முடிந்தது. கொப்புளம் ஆறியது. கன்னம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. நெற்றியில் துவாலை கட்டியிருந்த இடத்தில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம்.

ஹோட்டல் சூப்பர்வைசர் பார்த்தார். "லாண்டரியில ஒரு இடம் இருக்கு. வர்றியா?"

துணி மடிக்க முகம் வேண்டாம் அல்லவா?

"உங்க வேட்டியும் அங்கதான் வருமா சார்?" என்று கேட்டுவிட்டு லெட்சுமி வெளியே வந்துவிட்டாள். என் மகள்தான். எனக்கு வராத வாய் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

திரிங்காப்பில் பூந்தோட்டத்தில் சேர்ந்தாள். இன்று பூக்கட்டு எல்லாம் அவள் பொறுப்பு. அவள் தலையாட்டாமல் லோரி கிளம்பாது. பருவா? இருபத்து மூன்று வயதில் தானாகப் போய்விட்டது, டிரெஸ்ஸர் சொன்னபடியே. கோடு போகவில்லை.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன்.

முன்பு அங்கே ஒரு லைட் லெட்சுமியைச் சுட்டது என்று மட்டும் சொன்னேன். சாந்தி விடவில்லை. "அது அந்தக் காலத்து லைட்டு மாமா. இது லேசர். இது வேற லா."

வேறாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. படித்த டாக்டர் கையில் நல்லதாகக்கூட இருக்கலாம். விளக்கின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அணைக்கும்வரை எரிவதுதான் அதன் வேலை.

லெட்சுமி நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். முகவரியையும் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"இங்க வேணாம். மொதல்ல ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டு. அவரு சொன்ன எடத்துக்குப் போ. எத்தன நிமிஷம்னு கேட்டுக்க. அப்புறம் ஒண்ணு..."

"என்னக்கா?"

"கதவத் தட்டுற ஆளாப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

சாந்தி சிரித்தாள். அன்று கதவுக்கு வெளியே நின்றது யார் என்று அவளுக்குத் தெரியாது. மாரியாயி சிரிக்கவில்லை.

"அப்பாவக் குத்திப் பேசாத லெட்சுமி. அன்னிக்கு அவருக்கு என்ன தெரியும்? அவரு மணியே பாக்கல."

ஒன்பது வருடமாக என் பொய்க்கு மாரியாயி காவல் நிற்கிறாள், அது பொய் என்று தெரியாமலே.

லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள்.

"நெசமாவே பாக்கலையாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நோட்டீஸை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். சாயங்கால பஸ்ஸில் திரிங்காப் போய்விட்டாள்.

அந்த மேடம்மேல் கோபம் உண்டு. அந்த சூப்பர்வைசர்மேல் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் இருவரும் என் மகள் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன் நான்.

லெட்சுமி ஞாயிறுதோறும் இந்த மூலையைப் படிப்பவள். பூக்கட்டும் கொட்டகையில் நின்றுகொண்டே படிப்பாளாம். வாயால் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா லெட்சுமி, நான் பார்த்தேன். உட்கார்ந்தும் பார்த்தேன். நின்றும் பார்த்தேன்.

பதினேழு நிமிடம்.