இடது கைக்கு ஒரு ரீல்

மலேசியாவில் தூண்டில் சாமான் கடைக்குள் போனால் முதலில் கையைத்தான் கேட்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்பதில்லை. என்ன வேலை என்றும் கேட்பதில்லை. எந்தக் கை? அவ்வளவுதான். முதல் தடவை எனக்கு அது விளங்கவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் ஆலையில் எனக்கு வேலை. அப்போது வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் சேகர் இந்த நாட்டிலேயே பிறந்த தமிழன். பைக்கில் கூட்டிவந்து கடை வாசலில் இறக்கிவிட்டான். "நீங்க உள்ள போங்கண்ணே, தவுக்கேக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் பெட்ரோல் போடப் போய்விட்டான். தவுக்கே என்றால் முதலாளி. வயதான சீனர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த, தூண்டில் நூல் சுற்றும் ரீலை நான் விரலால் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "கிரி? கானான்?" என்றார்.

கிரி என்றால் மலை. கிருஷ்ணகிரி, சதுரகிரி எல்லாம் அப்படித்தானே. கானான் என்றது என் காதில் காணான் என்று விழுந்தது. கிரி காணான். மலையைப் பார்க்காதவன். தமிழ் தெரிந்த ஆள் என்று சேகர் வேறு சொல்லியிருந்தான். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று சுருக்கென்றது. நான் பிறந்ததே கொல்லிமலை, வாழவந்தி நாடு. நெஞ்சில் தட்டி, "கிரி! கிரி!" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன். மலாய் மொழியில் கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது. ரீலின் கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது தெரிந்தபோது ரீலில் நூல் ஏறி, தண்ணீரும் பட்டாயிற்று.

கையைப் பற்றித் தெரியாமல் வாங்கினேனே தவிர, மற்றதெல்லாம் விசாரித்துத்தான் வாங்கினேன். இந்தப் பக்கம் ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரியாகிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே தூண்டில் போடுவோம். புழு கிடையாது, மாவு கிடையாது. லூர் என்று பொய் மீன். தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்தது. நான் கேட்டது மிகச் சின்ன லூர். நாலைந்து புளியங்கொட்டை எடைதான் இருக்கும். ஊரில் எங்கள் ஓடை மடுவில் இருக்கும் குரவை மீனுக்கு அதற்குமேல் பெரிதாகப் போட்டால் ஓடிவிடும். இங்கேயும் அங்கேயும் ஒரே ராடு, அதாவது தூண்டில் கோல், உதவ வேண்டும் என்பது என் கணக்கு. சேகர் ஸ்பின்னிங் ரீல் வாங்கச் சொன்னான். லேசான லூருக்கு அது சுலபம், கைப்பிடியையும் எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளலாம். அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் நான் வாங்கிய பெய்ட்காஸ்டிங் ரீலில் நூல் சுற்றிய உருளையே சுழல்கிறது. அதன்மேல் நம் கட்டைவிரல் இருக்கிறது. லூர் காற்றில் போவது விரலுக்குத் தெரியும். ஏரிக்கரையில் சேகரின் கூட்டாளி ஒருவரிடம் அதை வாங்கி ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் வேறெதுவும் பிடிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். லேசான லூருக்கு உருளைதான் முதலில். ஆழம் குறைந்ததாக, கையில் எடுத்தால் கனமே தெரியாததாக இருக்க வேண்டும். கனத்த உருளையைச் சுழற்றச் சின்ன லூருக்குத் தெம்பு பத்தாது. நூல் மெல்லிசாக இருக்கட்டும், உருளை நிறையச் சுற்றாதீர்கள். ராடின் நுனி அந்த லூரின் எடைக்கே வளைய வேண்டும். விறைத்த ராடு எறியாது. லூரைத் தொங்கவிட்டு, ரீலின் பக்கவாட்டில் இருக்கும் திருகைத் தளர்த்துங்கள். மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் உருளை நின்றால் சரி. உருளையின் பிரேக்கை முதலில் கூட்டி வையுங்கள், விரல் பழகப் பழகக் குறைக்கலாம். இதெல்லாம் கடையில் சொல்வார்கள். கைப்பிடியில்தான் என்னைப்போல் ஏமாந்துவிடாதீர்கள். பெய்ட்காஸ்டிங் ரீலில் அதைப் பக்கம் மாற்ற முடியாது. கிரி ரீல் என்றால் கைப்பிடி இடப்பக்கம். அதாவது வலது கையால் எறிந்து இடது கையால் சுற்றுகிறவருக்கு. நான் இடது கைக்காரன். மலைக்காரன் என்று சொல்லி, வலது கைக்காரன் ரீலை வாங்கியிருக்கிறேன். சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தவுக்கே திருப்பி எடுக்க மாட்டார். "விடுங்கண்ணே, கைய மாத்திப் பழகிக்குங்க" என்றான்.

கையை மாற்று என்பது எனக்குப் புதிய சொல் இல்லை. சின்ன வயதில் சோறு தின்ன உட்கார்ந்தால் அப்பா என் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். கோபத்தில் இல்லை. சாதாரணமாக, மாட்டைக் கட்டுவது மாதிரி. வலது கையில் தின்னப் பழகினேன். பள்ளிக்கூடத்தில் இடது கையில் எழுதினால் அடி. வலது கையில் எழுதினேன். எழுத்து வரவில்லை, கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமும் நின்றுபோயிற்று. குச்சிக்கிழங்குக் காட்டில் குரங்கு விரட்டும்போது மட்டும் எந்தக் கை என்று யாரும் கேட்டதில்லை. இடது கையால் நான் எறிந்த கல் நினைத்த இடத்தில் விழும். இங்கே வந்தும் பெரிய மாற்றமில்லை. மலாய்க்காரர் முன்னால் இடது கையை நீட்டினால் முகம் மாறும். நாங்கள் செய்யும் கையுறைக்கு இடது வலது கிடையாது, எந்தக் கையிலும் ஏறும். ஆனால் ஆலையில் சுவிட்ச் எல்லாம் வலப்பக்கம். இதை நான் போனில் எழுதுகிறேன், இடது கட்டைவிரலால். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விரலைச் சொல்லாதீர்கள்.

அந்தச் சமயத்தில் லீவு கிடைத்தது. ராடையும் ரீலையும் ஊருக்குக் கொண்டுபோனேன். நானும் ஒரு முடிவோடுதான் போனேன். எல்லாரும் சொல்கிறார்கள், மாற்றித்தான் பார்ப்போமே என்று. வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும்தான். அப்பா இல்லை. வீட்டுக்குக் கீழே மிளகுத் தோட்டம் தாண்டினால் ஓடை. அதில் ஒரு மடு, எதிர்க்கரையில் வேர் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே நின்று வலது கையால் எறிந்து பழகினேன். கனமான லூராக இருந்தால் எந்தக் கையாலும் எறிந்துவிடலாம், அதன் கனமே இழுத்துக்கொண்டு போகும். லேசான லூருக்கு விரல்தான் எல்லாம். என் வலது கட்டைவிரல் பிந்தியது. உருளை முந்திச் சுழன்று நூல் பந்தாகச் சிக்கியது. விரலை முந்தி வைத்தால் லூர் காலடியில் விழுந்தது. எறிந்த நேரத்தைவிடச் சிக்கெடுத்த நேரம் அதிகம். வாசலில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க கொழுந்தனாரே, பேன்சீப்பு கொண்டாரட்டுங்களா?" என்றார். ஓடைப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், மீன் பிடிக்கிறானா பட்டம் விடுகிறானா என்று நின்று பார்த்தார்கள்.

அண்ணன் எதையும் நேராகச் சொல்கிறவர். ஒருநாள் சாயங்காலம் மடுவுக்கு வந்து பாறைமேல் உட்கார்ந்தார்.

"ஏண்டா, புழுவும் இல்ல பூச்சியும் இல்ல. தகரத்தப் போட்டு மீன ஏமாத்தறக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன?"

"சும்மா ஒரு ஆசைங்ண்ணா."

"ஆசைப்படு சாமி. சோத்தாங்கையில ஒழுங்காப் போட்டுப் பழகு. சோறு திங்கப் பழகல நீ?"

இன்னொரு தடவை வலது கையால் எறிந்தேன். சிக்கு. பிரித்தேன். அப்போது எதிர்க்கரை வேருக்கடியில் தண்ணீர் லேசாகப் புரண்டது. குரவை. அண்ணனும் பார்த்துவிட்டார். பிடரியில் அவர் பார்வை இருந்தது. நான் யோசிக்கவில்லை. ராடு தானாக இடது கைக்குப் போனது. கல் எறிகிற மாதிரி மணிக்கட்டால் ஒரு சுண்டு. லூர் தாழ்வாகப் போயிற்று. கட்டைவிரலுக்கு அது போகிற தூரம் பூராவும் தெரிந்தது. வேர் ஓரத்தில், நான் நினைத்த இடத்தில், சத்தமில்லாமல் விழுந்தது. விழுந்ததும் குரவை அடித்தது. ராடு இடது கையில், கைப்பிடியும் இடப்பக்கம். சுற்ற வேண்டுமானால் ராடை வலது கைக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். அந்த ஒரு நொடியில் நூல் தொய்ந்தது. மீன் உதறிவிட்டுப் போய்விட்டது.

"பாத்தியா!" என்று அண்ணன் எழுந்தேவிட்டார். "கைய மாத்தறதுக்குள்ள போயிருச்சு பாரு. அதுக்குத்தான் தலதலயா அடிச்சுக்கறேன், மொதல்லயே சோத்தாங்கையில போடுன்னு."

"இல்லீங்ண்ணா. கைய மாத்துனதாலதான் போச்சு."

"நாஞ் சொல்றதும் அதேதாண்டா."

"நீங்க சொல்றது வேறைங்ண்ணா. சோத்துக்குப் பழகுனேன். எழுதறதுக்கு மாத்தி, எழுத்தே இல்லாமப் போச்சு. இதுக்கு மாத்த மாட்டேன். ரீல மாத்திக்கறேன்."

அண்ணனிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே கிடையாது. அவர் என் கையிலிருந்த ரீலை எட்டிப் பார்த்தார். "பீச்சாங்கைக்குன்னு தனியா மிசுனு செஞ்சு வெச்சிருக்கறானாக்கும் அங்க?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை.

"இருக்குதுங்ண்ணா. கேட்டாக் குடுப்பான். கேக்கத் தெரியோணும்."

அவர் என் கையிலிருந்து ராடை வாங்கினார். அவர் எறிவது வலது கை. முதலில் அவருக்கும் சிக்கியது. "என்னடா எழவு இது" என்றார். ஆனால் கீழே வைக்கவில்லை. மறுநாள் காலையில் மிளகுக்கொடி பார்க்கப் போகிறேன் என்று போனவர் நேரே ஓடைக்குத்தான் போயிருக்கிறார். சாயங்காலம் லூர் மடுவின் பாதித் தூரம் போயிற்று. லீவு முடிவதற்குள் எதிர்க்கரை வேரைத் தொட்டுவிட்டார். ரீலைச் செய்த ஆள் யாருக்காகச் செய்தானோ அவர் கைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. செம்மேட்டில் பஸ் ஏறும்போது ராடு என்னிடம் இல்லை. நானும் கேட்கவில்லை, அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை. "பத்தரமாப் போ கண்ணு" என்றார்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். சேகர் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அதே தவுக்கே. அதே கேள்வி. "கானான்" என்றேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "டுலு கிரி" என்றார். முன்னே இடது கேட்டாயே என்று அர்த்தம். நான் இடது கையைத் தூக்கி, எறிவது மாதிரி காட்டினேன். வெறும் வலது கையைச் சுற்றிக் காட்டினேன். "ஓ, தாங்ஙான் கிரி" என்றார். இடது கை. சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. புளி வேண்டுமா மிளகாய் வேண்டுமா என்பது மாதிரி, அது அவருக்கு ஒரு சரக்கு ரகம். உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். கண்ணாடிமேல் வைத்தார். புது ராடு ஒன்றும் எடுத்து, அதில் மாட்டிப் பிடித்துப் பார்த்தேன். இடது கட்டைவிரல் உருளைமேல் உட்கார்ந்தது. வலது கை கைப்பிடிக்குத் தானாகப் போயிற்று. இத்தனை வயதில், யாரும் அடிக்காமல், கட்டாமல், ஒரு சாமான் என் கையில் வந்து பொருந்தியது. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நன்றிக்கு மலாயில் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன். "தெரிமா காசி." காசி என்றது என் காதிலேயே காசு மாதிரி விழுந்தது, காசு தருகிறேன் என்கிறேனாக்கும் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிறார். மடுவுக்குமேல் ஒரு பாறையில் டவர் கிடைக்கிறது. போனைக் கல்லில் சாய்த்துவிட்டு எறிகிறார். நானும் ஏரிக்கரையில் பையில் சாய்த்து வைத்துவிட்டு எறிகிறேன். பேச்சு அதிகமில்லை. "எப்படா வார?" என்பார். "பாக்கலாங்ண்ணா" என்பேன். போன வாரம் அவர், "இன்னும் பீச்சாங்கையிலயேதான் போடறியா?" என்று கேட்டார். "ஆமாங்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். பெரிய கட்டத்தில் அண்ணன். மூலையில் சின்னக் கட்டத்தில் நான். அந்தச் சின்னக் கட்டத்தில் ராடு என் வலது கையில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சேகரிடம் கேட்டேன். "நம்மள நமக்குக் கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும்ணே. அவருக்கு அங்க சரியாத்தான் தெரிவீங்க" என்றான்.

மறுபடி அந்த மூலையைப் பார்த்தேன். என் முகம், என் சட்டை. சோத்தாங்கைக்காரன். கையை மாற்றிக்கொண்டு மலையிலேயே இருந்துவிட்ட ஒருவன் மாதிரி நின்றான். ஊரில் எல்லாருக்கும் அவனைப் பிடித்திருக்கும். அண்ணன் ராடை ஓங்கினார். நானும் ஓங்கினேன். திரையில் அவரும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே பக்கமாக, ஒரே கையால் எறிந்தார்கள். நான் என் கையால் எறிந்தேன்.