கவலைப்படக்கூடாது என்றார்கள்

எழுபதுகளின் நடுவில், பீடோர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் புகைக்கொட்டகை வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் காயவைக்க வேண்டும். என் மனைவி ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இரண்டு பெண் பிள்ளைகள். அப்போதுதான் எனக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பிட்டால் அடங்கும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தோட்டத்து மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட டிரெசர் சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற ஒரு வெள்ளை மருந்தை பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தார்.

"உனக்கு யோசனை ஜாஸ்திலா. அதான் வயித்துல வந்து நிக்குது" என்பார்.

அது பொய்யில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று நினைத்தாலே வயிறு முறுக்கும்.

ஒரு நாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில் நின்றபடியே ரத்தமாக வாந்தி எடுத்தேன். தோட்டத்து லோரியிலேயே ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ரத்தம் ஏற்றிய பிறகு, ஒரு சீன டாக்டர் கட்டிலருகே வந்து இங்கிலீஷில் பேசினார். தமிழ் நர்ஸ் ஒருவர் அதை எனக்கும் என் மனைவிக்கும் தமிழில் சொன்னார்.

"மூளையிலேருந்து வயித்துக்கு ஒரு நரம்பு வருது. கவலைப்பட்டா, பயந்தா, அது வழியாத்தான் வயித்துக்கு உத்தரவு போகுதாம். உடனே வயிறு அமிலத்தக் கொட்டுது, புண்ணு ஆற மாட்டேங்குது. அந்த நரம்ப வெட்டணும்கிறார்."

என் மனைவி அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். "சிஸ்டர், அத வெட்டிட்டா இவருக்குப் பசிக்குமா? பிள்ளைங்க மேல பாசம், அதெல்லாம் அப்படியே இருக்குமா?" என்று கேட்டாள்.

நர்ஸ் அதை டாக்டரிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நர்ஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"எல்லாம் இருக்கும்மா. வயிறு மட்டும் கொஞ்சம் சும்மா இருக்கும்."

நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு அந்த வலி வரவில்லை. வேறு தொல்லைகள் வந்தன. நான்கு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். இனிப்பாகக் கோப்பி குடித்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்கு ஓடுவேன். ஆனாலும் இரவில் தூங்க முடிந்தது. அதுவே பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்குக் கவலை குடுக்காம பாத்துக்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. வீடு அமைதியாகிவிட்டது என்று மட்டும் கவனித்தேன். முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் மரத்தைச் சரியாக வெட்டவில்லை என்று மேற்பார்வை பார்க்கும் கிராணி ஏசியதையும், பக்கத்து வீட்டுச் சண்டையையும் கொட்டித் தீர்ப்பாள். இப்போது என்ன கேட்டாலும் "ஒண்ணும் இல்லங்க" என்பாள். அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள், பாகான் டத்தோவில் தன் அண்ணன் வீட்டில் காதுகுத்து என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பஸ் பிரயாணம் என் வயிற்றுக்கு ஆகாது, தான் மட்டும் போய்வருகிறேன் என்றாள். இரண்டு நாளில் திரும்பி வந்து மறுநாளே பால் வெட்டப் போய்விட்டாள். விசேஷம் எப்படி என்று கேட்டேன். "நல்லபடியா முடிஞ்சிச்சு" என்றாள்.

ஒரு மாதம் கழித்து பீடோர் பஸ் நிறுத்தத்தில் அவள் ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க மச்சான் இப்படிப் போய்ட்டாரே அண்ணே" என்றார். தென்னந்தோட்டத்து டிராக்டர் கால்வாயில் கவிழ்ந்து, என் மைத்துனர் அதன் அடியில் சிக்கி இறந்திருந்தார். அவள் காதுகுத்து என்று போனது அவருடைய சாவுக்கு.

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் செத்தத ஏன் சொல்லல?"

கையிலிருந்த துணியைப் பிழிந்தபடியே நின்றாள். "ஒங்களுக்கு மறுபடி ரத்தம் வந்தா நான் என்ன செய்வேன்?" என்றாள். அப்போதுதான் நர்ஸ் சொன்ன வார்த்தையைச் சொன்னாள்.

அந்த வார ஓய்வு நாளில் நானும் அவளும் பாகான் டத்தோ போனோம். மைத்துனர் மனைவி வயதில் என்னைவிட மூத்தவர். வாசலில் எங்களைப் பார்த்ததும் அழுதார். என் மனைவி பின்பக்கம் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீங்க வரலன்னு எனக்கு வருத்தமில்ல தம்பி. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒங்க சம்சாரம் சொல்லிச்சு. ஆனா கூடப்பொறந்தவருக்கு அது ஒரு சொட்டு அழல. ஏன்னு கேட்டேன். கண்ணு வீங்கினா வீட்டுல கண்டுபிடிச்சிருவார்னு சொல்லிச்சு."

எனக்கு வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. கால்வாய்ப் பக்கம் போய் நின்று அழுதேன். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம், "இனிமே எதையும் மறைக்காத புள்ள" என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் பழக்கம் விடவில்லை. எதையாவது சொல்ல ஆரம்பிப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், பேச்சை மாற்றிவிடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. ஈப்போவுக்கு வந்தோம். எனக்கு ஒரு பலகை ஆலையில் காவல் வேலை, அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டும் வேலை. வீடு தேடியது, பெரிய மகளைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் அவள்தான். முடிந்த பிறகே எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு, வேறு எதற்கோ கிளினிக் போனபோது அங்கிருந்த இளம் டாக்டர் என் வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம், இப்போது மாத்திரையிலேயே ஆறிவிடும், நரம்பை வெட்டுவதெல்லாம் பழைய வைத்தியம் என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப, கவலையால வரலியா?"

"கவல கொஞ்சம் கூட்டியிருக்கலாமாம். ஆனா கிருமிதானாம்."

"அன்னிக்கி அண்ணன் செத்தத நான் சொல்லியிருந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதா?"

"ஆயிருக்காதுனுதான் நெனைக்கிறேன்."

நெத்திலியைத் தள்ளி வைத்தாள். பிறகு, நான் கேட்காமலே, அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு காயமும் இல்லையாம். சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறமாம், முந்தின தீபாவளிக்குப் போனபோது அவள் தைத்துக்கொடுத்ததாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஆகியிருந்தது. அண்ணனுக்காக அவள் அழுததை அன்றுதான் நான் பார்த்தேன்.