எட்டாம் எண்ணுக்கு முன்னால் ஒரு பெஞ்சு

ஹெட்ஃபோனின் வலப்பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இடது காதில் மட்டும் பொருத்திக்கொண்டு, ஆப்பரேட்டரம்மா கையிலுள்ள ஒலிவழிகாட்டிக் கருவியில் முதல் எண்ணை அழுத்துகிறார். நினைவகத்துக்கு வந்திருப்பவர்களை வரவேற்பதாகக் கனத்த தொண்டையில் ஓர் ஆண்குரல் சொல்கிறது. "சொல்லுங்க" என்கிறார் அவர்.

அது பதிவு செய்த குரல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வாழ்நாளில் பாதியைத் தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் கழித்தவருக்குக் காதில் குரல் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். குரல் மூச்சு விடும் இடங்களில் 'ம்' கொட்டுவார். அது கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினால், "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் பள்ளிப்பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அவர்களைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு நடப்பார்.

வாசலில் கருவி கொடுக்கும் பெண் ஒருமுறை, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்குமே என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு காது லைனுக்கு, இன்னொரு காது சூப்பர்வைசருக்கு என்றார் ஆப்பரேட்டரம்மா. "அந்த மனுஷன் பூனை மாதிரி வருவார். காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்க வம்பை நிறுத்துவோம்." சூப்பர்வைசர் செத்து வெகுகாலமாகிவிட்டது. வலது காது இன்னும் அவருக்காகத்தான் திறந்திருக்கிறது.

ஹெட்ஃபோன் பஞ்சைத் துடைக்கக் கைக்குட்டை ஒன்றைத் தனியாகக் கொண்டுவருவார். ஊரில் உள்ள காதெல்லாம் இதில்தானே ஒட்டியிருக்கிறது என்பார். துடைத்த கைக்குட்டையை அழுக்குப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கைப்பைக்குள் வைப்பார். மாதத்துக்கொரு முறையாவது வருகிறவருக்குக் கட்டணம் வேண்டாம் என்று நினைவகத்தார் சொல்லிவிட்டார்கள். அவர் அதை ஏற்கவில்லை. டிக்கெட் இல்லாமல் உள்ளே போனால் வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறதாம்.

அந்தக் கட்டடம் போருக்கு முன்னால் நகரத்தின் தலைமைத் தொலைபேசி நிலையமாக இருந்தது. விமானத் தாக்குதலில் பாதி சரிந்து, சரிந்தது போக நின்ற பாதி இப்போது நினைவகம். மாடிப்படி, கோட்டு மாட்டும் அறை, இரும்புக் கட்டில் போட்ட ஓய்வறை, பேட்டரி அறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆப்பரேட்டரம்மா இங்கே பயிற்சிதான் பெற்றார். வேலை பார்த்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளை நிலையத்தில். கோட்டு மாட்டும் அறையைப் பற்றிக் குரல் பணியாளர்களின் ஒழுங்கையும் சீருடையையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது அழுவதற்கென்றே இருந்த அறை. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியவர்கள் யாருடைய கோட்டாவது கைக்குக் கிடைத்தால் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். "என் கோட்டு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்" என்பார்.

குரலைப் பற்றிக் கேட்டால் நல்ல குரல்தான் என்பார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவருக்கு அவசரமே இல்ல. அன்னிக்கு இங்க எல்லாருக்கும் அவசரம்" என்பார்.

எட்டாம் எண்ணை மட்டும் அவர் அழுத்துவதில்லை. இணைப்புப் பலகை இருந்த அந்த அறைக்குள் நுழைவார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்காலியைப் பார்ப்பார், மறுவாசல் வழியாக வெளியே வந்துவிடுவார். எட்டில் என்ன இருக்கிறது என்பதை நினைவகம் திறந்த நாளில் கேட்டார். ஒரே ஒரு முறைதான், ஆனால் எழுத்து விடாமல் மனப்பாடம். 'வெளியேறும்படி மேலதிகாரி வற்புறுத்தியும் அந்தப் பெண் மறுத்துவிட்டார். நகரத்தின் குரல் அறுந்துவிடக் கூடாது என்று கடைசிவரை தன் இருக்கையிலேயே இருந்தார்.'

அந்தப் பெண் இவருடைய தோழி. பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலி. பிறகு அவள் இங்கே, இவர் கிளையில் என்று ஆகிவிட, முகம் பார்த்தது குறைவு, குரல் கேட்டது அதிகம். நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு தனி இணைப்பு உண்டு. அதில்தான் குழம்பில் உப்பு கூடிப்போனதையும் மாமியார் முகம் தூக்கியதையும் குழந்தைக்குப் பல் முளைத்ததையும் பேசிக்கொண்டார்கள். தோழி இவரை அக்கா என்பாள்.

அன்று சைரன் ஊதியபோதும் அந்த இணைப்பில்தான் வந்தாள். மூன்று வயது மகளைத் தெருமுனைப் பால்கடைக்காரர் வீட்டில் விட்டிருந்தாள். பால்கடைத் தொலைபேசி இவருடைய கிளையில் சேர்ந்தது. "அக்கா, பால்கடைக்கு ஒரு கால் போடு. குட்டி அங்க இருக்காளான்னு மட்டும் கேளு." கீழே நிலவறைக்குப் போவதா, தெருவுக்கு ஓடுவதா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இவர் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தோழிக்குப் பின்னால் சூப்பர்வைசர் கத்துவது இவர் காதிலும் விழுந்தது. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று அவள் அவரிடம் சொல்வதும் விழுந்தது. விட்டு மறுபடி போட்டார். நெடுநேரம் கழித்துப் பால்கடைக்காரர் மனைவி எடுத்தார்; குழந்தை இடுப்பில்தான் இருக்கிறது, பதுங்குகுழிக்குப் போகிறோம் என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வைத்தார். இவர் அதைத் தோழியிடம் சொன்னார். அவள், "அப்பாடா" என்றாள். அதற்குப் பிறகு இணைப்பு இல்லை.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கஷ்டம். உயிர் பிழைத்த தலைமை நிலையத்துச் சூப்பர்வைசர், போகச் சொன்னேன், மாட்டேன் என்றாள் என்றார். அவர் கண்டது அவ்வளவுதான். 'நகரத்தின் குரல்' என்பதைப் பத்திரிகைக்காரர் சேர்த்தார். பத்திரிகையிலிருந்து அது நினைவுக் கல்லுக்குப் போயிற்று. கல்லிலிருந்து இந்தக் கருவிக்கு வந்தது. எல்லோரும் மரியாதையோடுதான் செய்தார்கள்.

ஆப்பரேட்டரம்மா வாயைத் திறக்காததற்குக் காரணம் தோழியின் கணவர். கணக்கு வாத்தியார், ஒருவரையும் நம்பாத மனிதர், அந்த வாக்கியத்தை மட்டும் நம்பினார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைச் சொல்வார். அவருடைய வீடு அதன் மேல்தான் நின்றது. அதை உருவினால் கூரை யார் தலையில் விழும் என்பது தெரிந்தே இவர் பேசாமல் இருந்தார். போன வருஷம் வாத்தியார் இறந்துபோனார்.

இன்னொரு காரணம் மகள். அந்த வாக்கியம் அப்பாவுக்குத் தூண், மகளுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் அவளை மேடையேற்றி அதைப் படிக்கச் சொன்னார்கள். வளர்ந்து பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். வேலை நேரம் முடிந்தால் ஒரு நிமிடம் நிற்க மாட்டாள்; திறந்த வாயோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டே கிளம்பியிருக்கிறாள் என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அவளுக்கு அது சிரிப்பில்லை. "எங்க அம்மா ஊருக்கெல்லாம் நல்லவங்க, பெரியம்மா. எனக்குத்தான் அவங்களுக்கு நேரமில்ல" என்று ஒருமுறை இவரிடம் சொன்னாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆப்பரேட்டரம்மா அவசரப்பட்டு இணைப்புக் கொடுக்கிறவர் அல்ல. உன்னை விட்டு ஊரைத் தேர்ந்தெடுத்தாள் என்பது ஒரு பாரம். உன் செய்திக்காகக் காத்திருந்துதான் செத்தாள் என்பது லேசானதா? உண்மை, சொன்னவரை விட்டு இறங்கிவிடும்; கேட்டவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டில் எது கனம் என்று இந்த நினைவகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தும் அவருக்கு முடிவு கிடைக்கவில்லை.

போன வாரம் மகளே கூப்பிட்டாள். அவளுடைய பெண்ணின் வகுப்பை நினைவகத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். இதுவரை அந்தக் கட்டடம் இருக்கும் தெருவில்கூடக் கால் வைக்காதவள், பெண்ணுக்கு முன்னால் தான் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றாள். "அவ கேப்பா, பெரியம்மா. பாட்டி ஏன் வீட்டுக்கு வரலன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்றது?"

இருவரும் போனார்கள். முதல் சில அறைகளில் மகளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆப்பரேட்டரம்மா குரலுக்கு 'சரிங்க' என்று சொன்னதைப் பார்த்து, "பெரியம்மா, அது டேப்பு. அதுக்குக் காது கிடையாது" என்றாள். காது இல்லாவிட்டால் மரியாதை வேண்டாமா என்று கேட்டார் இவர். ஏழாம் எண் முடிந்ததும் மகளின் கட்டைவிரல் எட்டுக்கு மேல் போய் நின்றது.

"இரு. அதை அழுத்தாதே. உக்காரு" என்றார் ஆப்பரேட்டரம்மா.

நடைவழியில் பார்வையாளர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அலங்காரம் இல்லாமல், ஒரு லைனில் கேட்டதை இன்னொரு லைனுக்குச் சொல்லும் குரலில் சொன்னார். பால்கடை, அடித்த மணி, சூப்பர்வைசரின் கத்தல், இடுப்பில் இருந்த குழந்தை. அவர்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் ஹெட்ஃபோனோடு கடந்து போனது. கடைசியாகப் போனவர் ஏதோ கட்டளைக்குக் கீழ்ப்படிவது போல இடப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

மகள் கையிலிருந்த கருவியை மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அப்போ, என்னாலயா?"

இந்தக் கேள்வி வரும் என்று ஆப்பரேட்டரம்மாவுக்குத் தெரியும். இதற்கென்று எத்தனையோ பதில்களைச் செய்துவைத்திருந்தார். வந்தது அவற்றில் இல்லாத ஒன்று.

"உன்னாலன்னு யார் சொன்னா? உன்னைத் தேடிட்டு இருந்தாடி. அவ்வளவுதான்."

"பால்கடையில உடனே எடுத்தாங்களா?"

"அடிச்ச உடனே எடுத்தாங்க" என்றார் ஆப்பரேட்டரம்மா.

இத்தனை வருஷம் காத்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் உண்மையைச் சொன்னவர், இந்த ஒரு பொய்யைக் கண் இமைக்காமல் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்த அந்த நேரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். மகள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்பது தெரியவில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அப்பாடான்னா."

மகள் அந்தச் சொல்லை உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அன்று தன்னை என்ன பெயர் சொல்லிக் கேட்டாள் என்று விசாரித்தாள். குட்டி என்றதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வாத்தியார் முழுப்பெயரில்தான் கூப்பிடுவார்.

எழுந்தாள். போய்விடலாமா என்றார் ஆப்பரேட்டரம்மா. வேண்டாம், பெண் இதைக் கேட்கப்போகிறாள், நானும் கேட்டாக வேண்டும் என்றாள். அறைக்குள் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று எட்டை அழுத்தினாள். இவரும் கூடவே போய் எதிரே நின்றுகொண்டார். தன் கருவியை அழுத்தவில்லை. குரல் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை மகளின் முகத்தைப் பார்த்தே அவரால் பின்தொடர முடிந்தது. இப்போது தாக்குதல் தொடங்கிய விவரம். இப்போது நகரம் இருளில் மூழ்கியது. இப்போது மேலதிகாரி வருகிறார், வற்புறுத்துகிறார்.

ஆப்பரேட்டரம்மா ஓரடி முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கையாலும் மகளின் இரு காதுகளையும் ஹெட்ஃபோனோடு சேர்த்து இறுகப் பொத்தினார். குரல் கைக்கு வெளியே இல்லை, உள்ளேதான் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாக்கியம் முடிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.