சொல்லிவிட்டுப் போகும் வீடு

கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், விடியும் முன்னரே ஒரு பெண்குரல் தெருவை எழுப்பினால் அது மொக்கம்மாள் அக்கா. என் ஜீப்புக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கிளப்பிக் கொண்டுவந்து, வண்டிக்குள் நெருக்கி உட்கார வைத்து, கடைசியாகத் தானும் ஏறிக்கொள்வாள். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறிப் போய், கேரளத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்கக் காய் பறித்துவிட்டு, சாயங்காலம் இறங்குவார்கள். வண்டிக்குச் சொந்தக்காரன் இந்த ஹனீபாதான். ஆனால் வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒருநாளும் நான் முடிவு செய்ததில்லை.

ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் கேட்பது ஒரே கேள்வி. வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்பாள். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்தபடி வந்த திரிஷாவை ஒருநாள் பாதி வழியில் இறக்கி, திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை வண்டி நின்றது. நான் ஹாரனை விடாமல் அடித்தேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், கையை எடுத்துவிட்டேன்.

அவள் புருஷன் பிச்சைமணி லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு போனவர், பிணமாகத்தான் வந்தார். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது. எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட வேண்டும். திரும்ப அப்படி ஒரு காரியத்துக்கு வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். நானும் அன்றைக்கு அப்படித்தான் எழுந்து வந்தேன். வெகு காலம் கழித்து, மலையில் டீ குடிக்கும்போது அக்கா அதைப் பற்றிச் சொன்னாள்.

“அவுக செத்ததக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி. சனம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு, ஒரு வார்த்த சொல்லாமப் போச்சு பாரு. அதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது.”

அவளுக்கு ஒரே மகள், யுவராணி. ஏலக்காட்டுக் கூலியிலேயே நர்ஸ் படிக்க வைத்தாள். பரீட்சை எழுதி அரசாங்க வேலை கிடைத்தது, அதுவும் எங்கே, அந்தமானையும் தாண்டித் தெற்கே ஒரு சின்னத் தீவில். அக்கா கடலைப் பார்த்ததே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கடல்தான் என்று மகள் வீடியோ காலில் பெருமையாகக் காட்டியபோது, முதலில் அந்த ஜன்னலைச் சாத்து என்று சொன்ன தாய் அவள். அதற்கப்புறம் தினமும் பேசி முடிக்கும்போது ஜன்னலைச் சாத்தியாச்சா என்று கேட்பாள். மகளும் சாத்தியாச்சு என்று சொல்லிவிட்டுத் திறந்து வைத்துக்கொள்வாள் போல.

அன்றைக்கு வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. கம்பம்மெட்டு தாண்டி முதல் வளைவுக்கு வந்ததும் வண்டிக்குள் இருந்த அத்தனை போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம், அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை என்று திரிஷாதான் படித்தாள். படித்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. அக்கா தன் போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று வந்தது. திரும்பவும் போட்டாள். அடிவாரம் வருகிறவரை போட்டுக்கொண்டே வந்தாள்.

கம்பத்துக்குள் நுழைந்தால் ஊரே ரோட்டில் நின்றது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் எத்தனை மாவட்டம் கிடக்கிறது, ஆனாலும் ஆளாளுக்கு ஒரு கலவரம். மத்தியானம் நாற்காலி ஆடியதாம், தண்ணீர்க் குடம் அசைந்ததாம். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் ஆடியிருக்கிறது. மேலே அணைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவன் கிளப்பிவிட்டிருந்தான். அதை மறுத்து, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு பெயின்ட் கடைக்காரர் பெட்டியும் படுக்கையுமாக என் வண்டியை மறித்து, குடும்பத்தோடு மலைக்கு ஏற்றிவிடச் சொன்னார். கடல் தேனி வரைக்கும் வந்துவிட்டால் போன் போடுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். வேறு நாளாக இருந்தால் அக்கா சிரித்திருப்பாள்.

அவள் வீட்டு வாசலைப் பார்த்ததும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். வாடகைக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து சாவு வீடு போல வரிசையாகக் கிடந்தன. தெருப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பஞ்சம்மா, பிச்சைமணியின் தங்கை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குச் சொல்லிவிட்டவளும் அவள்தான். யுவராணியைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வருகிற சனம் உட்கார வேண்டுமே என்று நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த நாற்காலிகளை அப்படிப் பார்க்க என்னாலேயே முடியவில்லை.

அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கி ரோட்டில் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே எழுந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அடுக்கி, என் ஜீப்பிலேயே ஏற்றி, கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், அதனாலேயே அவள் பற்றவைத்திருந்தாள். பெரிய பாத்திரத்தில் காபி போட்டு, வருகிற அத்தனை பேர் கையிலும் டம்ளரைத் திணித்தாள். வேண்டாம் என்றவர்களை விடவில்லை. குடித்து முடித்துக் கிளம்புகிறவர்களோடு வாசல் வரைக்கும் போனாள். அவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லும்வரை வழியை விட்டு விலகவில்லை. சிலர் தாமாகச் சொன்னார்கள். சிலர் பழக்கத்தில் சும்மா நழுவப் பார்த்தார்கள், அவர்களை நிறுத்திச் சொல்ல வைத்தாள். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் பயமாக இருந்தது. இடையிடையே மகளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அதே பதில்தான் வந்தது.

பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லுகிற நேரம். பஞ்சம்மாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். காபியைக் கையில் வாங்கவில்லை. செருப்பை மாட்டினாள், யாரையும் பார்க்காமல் அக்காவைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா வாசலில் அப்படியே நின்றாள். அப்புறம் தெருவில் ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை, நானும் பின்னாலேயே ஓடினேன். ரேஷன் கடை முக்கில் பஞ்சம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

“சொல்லாமப் போறியே பஞ்சம்மா. என்ன கேள்விப்பட்ட?”

பஞ்சம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா கையை விடவில்லை.

“வாயில வரல மதினி. என்னால பொய்யா அந்த வார்த்தயச் சொல்ல முடியல.”

திருப்பூரில் இருக்கிற அவள் மகன் விஜய்பாண்டி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். யுவராணி வேலை பார்க்கிற தீவு ஆஸ்பத்திரிதான் என்று எழுதி வந்ததாம், அத்தையிடம் காட்ட வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். அக்கா போனைப் பிடுங்கினாள். கறுப்புத் தண்ணீர் ஒரு கட்டடத்துக்குள் புகுந்து, கட்டிலையும் அலமாரியையும் இழுத்துக்கொண்டு போனது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை. முடிந்ததும் திரும்ப ஓட்டினாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். பெற்ற பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறாள், தேடட்டும் என்று நின்றேன்.

“தம்பி, இங்கன பாரு. இவுகளெல்லாம் என்னத்தப் போட்டிருக்காக?”

பார்த்தேன். மாடியில் நின்று கத்துகிறவர்கள் எல்லோரும் மொத்தமான குளிர்கோட்டு போட்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் பனிகூடக் கிடந்தது.

“எம்புள்ள ஃபேன் இல்லாம அங்கன உக்கார முடியலங்கிறா. இது அவ ஊரு இல்ல.”

எங்கோ என்றைக்கோ எடுத்ததை எவனோ எடுத்து ஓட்டிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் வகுந்திருப்பேன். பஞ்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவளைத் திட்டவில்லை, தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அது வேறு ஊர் என்று தெரிந்துவிட்டதே தவிர, மகள் எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்காவுக்கு விரல் ஓடவில்லை, நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா” என்றாள் யுவராணி.

இருந்த அத்தனை பேரும் மூச்சை விட்டார்கள். எச்சரிக்கை வந்ததுமே எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்களாம். இவள் போன் கீழே ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறதாம், இது ஒரு போலீஸ்காரர் போனாம். தண்ணீர் இதுவரைக்கும் படகுத் துறையோடு நின்றுவிட்டதாம். இன்னும் பெரிதாக வந்தாலும் வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அக்கா ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். அவளுக்குக் குரல் திரும்பி வருவதைக் கேட்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா, பிள்ள பெத்தவ ஒருத்தி கீழயே இருக்கா. ரத்தம் நிக்கல, மொதல்ல தூக்க முடியல. இப்ப ஸ்ட்ரெச்சர் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரு கிளம்புறாக, நானும் போறேன்.”

“வேற ஆளு இல்லையா ஆத்தா?”

“நான்தாம்மா நர்சு.”

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவசர அவசரமாகச் சொன்னாள்.

“போயிட்டு வாரேம்மா.”

சாயங்காலம் முழுக்க ஊரையே நிறுத்தி வைத்து அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தவள் அக்கா. இப்போது கேட்காமலே மகள் சொல்லிவிட்டாள். ‘போயிட்டு வா’ என்று தாய் சொன்னால்தான் அவள் கிளம்புவாள், சின்ன வயதிலிருந்து அப்படி வளர்த்து வைத்திருக்கிறாள். போன் அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கடலுக்குப் பக்கத்தில் இறங்கிப் போ என்று எந்தத் தாய் சொல்வாள்? திரும்பவும் திறந்தாள், உதடுதான் அசைந்தது. நானாக இருந்தால் வேண்டாம் என்று கத்தியிருப்பேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பஞ்சம்மா முன்னால் வந்தாள். அக்கா கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்த சொல்லுறேன். போயிட்டு வாத்தா.”

லைன் துண்டித்துக்கொண்டது. அக்கா தரையில் உட்கார்ந்தாள், பஞ்சம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். மகளைக் கூப்பிட இனி எண்ணும் இல்லை, அந்தப் போலீஸ்காரருக்குப் போட்டால் எடுக்கவில்லை. அடுத்த வீட்டு டிவியில் செய்தி வாசிப்பது சுவர் வழியாகக் கேட்டது. யாரும் கிளம்பவில்லை. அடுப்பில் மிச்சக் காபி பொங்கி வழிந்து கரிந்தது, எழுந்து போய் அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் கதவருகே நின்றபடி எனக்குத் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன் அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள் யுவராணி.

“வந்துட்டேம்மா.”

பின்னால் ஒரு பச்சைப் பிள்ளை வீறிட்டு அழுதது. எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள் என்று அப்புறம் டிவியில் சொன்னதையெல்லாம் அந்த வீட்டுக்குள் யாரும் காதில் வாங்கவில்லை. மொக்கம்மாள் அக்கா அப்போதுதான் அழுதாள். பிச்சைமணி செத்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சனம் ஒவ்வொன்றாக எழுந்தது. போயிட்டு வாரேன் மொக்கம்மா, போயிட்டு வாரேங்கா என்று கேட்காமலே எல்லோரும் சொன்னார்கள். அவள் அழுகையில் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பஞ்சம்மாதான் வாசலில் நின்று, சரி வாங்க, சரி வாங்க என்று ஒவ்வொருவரையும் அனுப்பி வைத்தாள்.