முத்திரைக்காரரின் கையெழுத்து

தறிக்கூடங்களில் அவருக்கு முத்திரைக்காரர் என்றுதான் பெயர். சிறுபிள்ளைகள் வேலை செய்யவில்லை என்று அவர் கையெழுத்திட்டால்தான் கம்பளத்தின் பின்புறம் எண் போட்ட முத்திரைத் துணி தைப்பார்கள். அது இருந்தால்தான் வெளிநாட்டு வியாபாரி வாங்குவார். முத்திரைக்காரர் சோதனைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். பிள்ளைகளைத் தேட மாட்டார். அவர்களைத்தான் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்களே. நேரே குனிந்து, நெய்பவர் உட்காரும் பலகைக்கு அடியில் பார்ப்பார். கால் எட்டாத பிள்ளைக்குத்தான் அங்கே செங்கல் வேண்டும்.

"மனுசன் சாமிக்குக்கூட இப்படிக் குனியமாட்டாரு" என்று தறிக்காரர்கள் சிரிப்பார்கள்.

உறவினர் தறியைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. ஒருமுறை, உடன் வேலை செய்யும் சோதனையாளர் காய்ச்சலில் படுத்துவிட, தங்கை வீட்டுத் தறிக்கு இவரே போனார். குனிந்தார். இரண்டு செங்கல், மேலே மடித்த சாக்கு. தங்கை மகளுக்கு அப்போது எட்டு வயது.

"அண்ணே, ஒரே ஒரு வருஷம். முத்திரை போச்சுன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்" என்றாள் தங்கை.

"கூடப்பொறந்தவ வயித்துல அடிச்சிட்டு ஊருக்கு நியாயம் சொல்லப்போறீங்களா மச்சான்?" என்றார் அவள் கணவர்.

'பிள்ளைகள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிடிபட்ட பிள்ளைகளை முத்திரை தரும் அமைப்பே செலவு செய்து படிக்க வைக்கும். பல பிள்ளைகளை அவரே பள்ளியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

அதன்பின் விதியை மீறி அந்தத் தறியைத் தன் பட்டியலிலேயே வைத்துக்கொண்டார். வேறு யாராவது குனிந்து பார்த்துவிட்டால்?

பதினெட்டு வயது முடிந்ததும் தங்கை மகள் நெசவாளர் அட்டை கேட்டு அவர் அலுவலகத்துக்கு வந்தாள். அனுபவத்தைப் பார்த்துத்தான் கூலி.

"எத்தனை வருஷ அனுபவம்?" படிவத்திலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா. உங்க கையெழுத்துப்படி நான் தறியிலயே உக்காரலையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

'பத்து' என்று எழுதினார். அதோடு நிறுத்த முடியவில்லை. இன்னொரு தாளை எடுத்து, எந்தெந்த ஆண்டு எங்கே பொய்யாகக் கையெழுத்திட்டார் என்று மேலிடத்துக்கு முழுவதும் எழுதினார். தன் வேலையும் போகும், தங்கை வீட்டு முத்திரையும் போகும் என்று தெரிந்தே எழுதி, அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"படிச்சுக் காட்டுங்க மாமா. எனக்கு எங்க படிக்கத் தெரியும்?"

அவர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.