ஐம்பத்தெட்டாம் நாள்

எனக்கு ஒன்பது வயதில் வீட்டுக் காலண்டரில் தேதிகளை அடிக்கும் உத்தியோகம் இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, நானாகவே எடுத்துக்கொண்டது. அறுபது தேதிகளை அடித்து முடித்துவிட்டால், என்னை யாரும் எங்கேயும் கூட்டிப்போக முடியாது.

அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு மூன்று வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த அப்பா, மன்னார்குடிப் பக்கம் பெரியம்மா வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனார். பிறகு வேறு கல்யாணமும் செய்துகொண்டார். பிள்ளையில்லாத பெரியம்மாவும் பெரியப்பாவும் என்னைச் சட்டப்படி தத்தெடுக்க முடிவு செய்தார்கள். அதற்காக அப்பா குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வந்து, இனி இவள்மேல் எனக்கு உரிமையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்த மேடம் என் சம்மதத்தையும் கேட்டார். நான் தலையாட்டிய வேகத்தில் ரிப்பன் அவிழ்ந்துவிட்டது.

மேடம் அப்பாவிடம், "மனசு மாறுனா அறுபது நாளுக்குள்ள வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் மாத்த முடியாது," என்றார். பெரியம்மாவிடம், "புள்ளைய அடிக்கக் கூடாது, தெரியுதுல்ல?" என்றார்.

"கை ஓங்குனதுகூட இல்லைங்க," என்றாள் பெரியம்மா. சுத்தப் பொய்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் ராஜ மரியாதை. வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "சாப்ட வாடா செல்லம்" என்பாள். கேட்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை. அறுவடை நேரம். பெரியப்பா மூட்டை தூக்கும் நெல் கொள்முதல் நிலையம் எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான். காலையில் தேதியை அடித்துவிட்டு வாசலுக்கு வந்தால், பத்து மணி பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பெரிய கட்டைப்பை.

மனசு மாறிவிட்டது, என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்று நினைத்தேன். கொல்லை வழியாக ஓடி, நெல் மூட்டை அடுக்குகளுக்கு நடுவில் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துகொண்டேன்.

உள்ளே புழுக்கமும் நெல்லின் சுணையும் சேர்ந்து உடம்பெல்லாம் அரித்தது. வெளியே முதலில் என் பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்துப் பக்கம் போய்ப் பாருங்களேன்" என்று பெரியம்மாவின் குரல், அவள் குரல் மாதிரியே இல்லாமல் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் இரண்டே நாள், தார்ப்பாய்க்குள்ளேயே ஓட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். தூசி விடவில்லை. அடுத்தடுத்து மூன்று தும்மல்.

தார்ப்பாய் விலகியது. பெரியம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"எங்கெல்லாம் தேடுறது! என் உசுரே போயிருச்சேடி, பாவி!"

அடுத்த நொடி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார்.

மேடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்த நான், "வலிக்கவே இல்லப்பா! பெரியம்மா சும்மா வெளையாட்டுக்கு!" என்று கத்தினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடித்த கையாலேயே என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்பெல்லாம் தடிச்சிருக்கு அண்ணி. தேங்காயெண்ண தடவி விடுங்க," என்றார் கடைசியில். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். அவருடைய ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிய சான்று. "இதக் காட்டி உங்க கார்டுல சேத்துருங்கண்ணே."

சாப்பிடாமல் அவரைப் போகவிடவில்லை பெரியம்மா. கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். நான் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லேசாகச் சிரித்துவிட்டு, கட்டைப்பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். இரண்டு நாளில் நான் அறுபதையும் அடித்து முடித்தேன். அறுபத்தொன்றாம் நாள் வீட்டுப்பாடத்துக்காகப் பழையபடி திட்டு விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் பாஸ்போர்ட்டுக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது அந்தச் சான்று கிடைத்தது. அப்பா கையெழுத்துப் போட்ட அதே வாரத்துத் தேதி. தபாலில் அனுப்பியிருந்தால் ஐந்தாறு நாளில் வந்திருக்கும். அதை ஏறக்குறைய இரண்டு மாதம் கையிலேயே வைத்திருந்து, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொண்டுவந்திருக்கிறார். "அம்மா, அன்னைக்கு அவர் எதுக்கு வந்தாரு?" என்று கேட்டேன். ஆமாம், இப்போது பெரியம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஒரு காகிதத்துக்குச் சட்டைப்பை போதும். அப்பா கொண்டுவந்த கட்டைப்பையில் அன்று எதுவுமே இல்லை. என் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் அடக்கும் அளவுக்குப் பெரிய பையை அவர் எதற்காகத் தூக்கிவந்தார், எதைப் பார்த்த பிறகு அதைக் காலியாகவே மடித்துக்கொண்டு போனார் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.